இரங்கல் நெய்தலின் விதியன்று

(ஒக்கிப் புயலின் ஏழாம் ஆண்டு நினைவையொட்டி, 2024 நவம்பர் 30 அன்று திருவனந்தபுரத்தில் நடைபெற்ற தமிழ்பேசும் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டின் சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி யாருக்கு இயல்பாகச் செய்தி எட்டியிருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எச்செய்தியும் எட்டவில்லையெனில், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். உயிரோடிருக்கிறார் என்று வாதிடுபவரே அதன்பின் அதனை மெய்ப்பிக்க வேண்டும்.

அந்த ஏழு ஆண்டுகள் இன்றோடு நிறைவுறுகின்றன. 2017 நவம்பர் 29 மாலையில் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் வள்ளம் தள்ளிக் கடலுக்குப் போனவர்களும், அதற்குப் பல நாள் முன்பே தூத்தூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களும், திரும்பாதவர்கள் எல்லாரும், இனிச் சட்டத்தின் கண்ணுக்கும் இறந்தவர்கள். அவர்களுடைய வீடுகளுக்கு இச்செய்தியைச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நமக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவர்களைக் கொன்றது எது?

நான் கடலோடியல்லன், வானிலை அறிந்தவனும் அல்லன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, முப்பது ஆண்டுகளாகக் கட்சி ஆவணங்களை மலையாளத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழாக்கிக் கொண்டிருப்பவன். ஒரு சொல் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடம் சேர்கிறதா, சேரும்போது பொருள் சிதையாதிருக்கிறதா என்று பார்ப்பதே என் தொழில். அந்தத் தொழிலின் கண்கொண்டுதான் இன்று பேசுகிறேன்.

முதுகலை வகுப்பில் எங்களுக்குத் திணைக் கோட்பாடு கற்பித்தார்கள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், பாலைக்குப் பிரிதல், நெய்தலுக்கு இரங்கல். கடலும் கடல் சார்ந்த நிலமும் என்றால் அங்கே ஒருத்தி கரையில் நின்று கலங்குவாள் என்பது இலக்கிய மரபு. அன்று அது அழகாகத் தோன்றியது. 2017 டிசம்பரில் பூந்துறைக் கரையில் நின்றபோது, அந்த மரபை நான் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டிருந்தேன் என்று வெட்கப்பட்டேன். அங்கே கூடியிருந்த பெண்கள் ஒரு திணையின் உரிப்பொருளாக அழவில்லை. வர வேண்டிய ஒரு செய்தி வராததனால் அழுதார்கள்.

ஒரே நாளில் புயல்

நடந்ததை முதலில் வரிசையாக நினைவுகூர்வோம். நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது இலங்கையைக் கடந்து குமரிக் கடலுக்குள் வந்தது. மறுநாள் காலை, கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரைக்கு மிக அருகில், புயலாக வலுப்பெற்றது. ஏறத்தாழ ஒரே நாளில் இத்தனையும் நிகழ்ந்துவிட்டன. வங்கக் கடலில் ஒரு புயல் வழக்கமாகப் பல நாள் வளர்ந்து கரையை நோக்கி நகரும். ஒக்கி அந்தக் கால அவகாசத்தைத் தரவில்லை. பின்னர் லட்சத்தீவின் ஊடாகச் சென்று, டிசம்பர் 2 அளவில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்றோடு உச்சம் பெற்று, வடக்கே திரும்பி, வலுவிழந்து, டிசம்பர் 5 நள்ளிரவையொட்டித் தெற்குக் குஜராத் கரையை அடைந்தது.

புயலுக்கு ஒக்கி என்று பெயர் தந்த நாடு வங்கதேசம். வங்க மொழியில் அச்சொல்லுக்குக் கண் என்று பொருள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுதான் அது. செயற்கைக்கோள் பார்த்தது, வானிலைத் துறை பார்த்தது. அதன் பாதையில் வலை விரித்திருந்தவனுக்கு மட்டுமே அது வருவது தெரியவில்லை.

கடலில் இருந்தவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய இம்மாவட்டத்துக் கரைகளைச் சேர்ந்தவர்கள். வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய சிறு வள்ளங்களில் மூன்று நான்கு பேராக மாலையில் போய்க் காலையில் திரும்புகிறவர்கள். மற்றொரு வகையினர் நீரோடி முதல் இரயுமன்துறை வரை தூத்தூர் வட்டாரக் கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் நெடுந்தூண்டிலிட்டு, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். இந்தியாவின் மிகத் துணிந்த கடலோடிகள் என்று இவர்களைச் சொன்னால் மிகையாகாது. இவர்களுடைய படகுகள் பல கொச்சியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் புறப்படுபவை. படகின் பதிவு கேரளத்தில், ஆட்கள் தமிழ்நாட்டில். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து குமரி மாவட்டம் பிரிந்தபோது நிலத்தில் கோடு விழுந்தது. கடலில் அந்தக் கோட்டை யாரும் பார்த்ததில்லை.

எச்சரிக்கை யாருடைய மொழியில் வந்தது?

நவம்பர் 29 அன்றே மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவுறுத்தியிருந்ததாக வானிலைத் துறை கூறியது. புயல் என்ற சொல்லோடு எச்சரிக்கை தமக்குக் கிடைத்தது நவம்பர் 30 நண்பகலில்தான் என்று கேரள அரசு கூறியது. இவ்விரண்டைப் பற்றியும் நீண்ட வழக்காடல் நடந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவொன்றும் 2018இல் இப்பேரிடர் குறித்துத் தனி அறிக்கை அளித்தது. இன்று அந்த வழக்காடலை மீண்டும் தொடங்க நான் விரும்பவில்லை. இரு கூற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று தெளிவாகிறது: அவை இரண்டும் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடந்த உரையாடல். அலுவலகத்துக்கும் வள்ளத்துக்கும் இடையே எந்த உரையாடலும் நடக்கவில்லை.

இந்நகரத்தில் நட்சத்திர பங்களா என்று மக்கள் வழங்கும் வானாய்வுக் கூடம் 1837இல் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்டது. இன்றைய வானிலை மையமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து பூந்துறைக் கடற்கரை பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வானத்தை அளந்துவரும் நகரத்தில், அந்தப் பத்துக் கிலோமீட்டரை ஓர் எச்சரிக்கை கடக்க முடியாமற் போயிற்று.

தூரம் மட்டுமன்று, மொழியும் தடையாக நின்றது. எச்சரிக்கைச் சொற்களைப் பாருங்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், கடும்புயல், மிகக் கடும்புயல். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் முதற்பெயர். 63ஐத் தொட்டால்தான் புயல் என்ற பெயர். அறிவியலுக்கு இப்பாகுபாடு தேவை, நான் மறுக்கவில்லை. ஆனால் சிறு வள்ளத்தில் இருப்பவனுக்கு 50 கிலோமீட்டர்க் காற்றே உயிரைப் பறிக்கும். அவனுக்கு நாம் சொல்லும் சொல் என்ன? தாழ்வு. தமிழில் அச்சொல் எதையும் அச்சுறுத்துவதில்லை. ஏதோ தணிந்து போகிறது என்ற தொனிதான் அதிலிருக்கிறது. மலையாளத்தில் நியூனமர்த்தம் என்பார்கள். குறைந்த அழுத்தம் என்று பொருள். வானிலை அறிஞர் பாதரசத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. அலையைப் பார்த்து வைத்த பெயரன்று.

மீனவரிடம் காற்றுக்குச் சொல் இல்லையா? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் வரும், எந்த நீரோட்டத்தில் எந்த வலை கிழியும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அந்தச் சொற்களோடு அரசின் சொற்களை ஒருவரும் ஒருநாளும் இணைத்ததில்லை. உற்பத்தி செய்பவனின் அறிவு வேறு, ஆள்பவனின் அறிவு வேறு என்று பிரிந்து கிடக்கும் சமூகத்தில், ஒரு கருவியோ ஒரு சுற்றறிக்கையோ தானாக அந்தப் பிளவை இட்டு நிரப்பிவிடாது.

மற்றொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக அமைந்தது. முதற்கட்டம் ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன், பின்னர் 48, 24, 12 மணி நேரத்துக்கு முன் என்று அது வரும். எதற்கு முன்? கரைக்குக் கேடு வருவதற்கு முன், புயல் கரை கடப்பதற்கு முன். கணக்கெல்லாம் நிலத்தைத் தொடக்கமாகக் கொண்டது. ஒக்கி கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ கரை கடக்கவேயில்லை. கரையை உரசிக்கொண்டு கடலிலேயே சென்றது. நிலத்தில் நிற்பவனுக்கு அது கரை கடக்காத புயல். கடலில் நிற்பவனுக்கு அது தலைமேல் கடந்த புயல். எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதிலேயே வர்க்கப் பார்வை இருக்கிறது, தோழர்களே.

செய்தி வள்ளத்தை எட்டுவதற்கு வழியும் இல்லை. கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் கைப்பேசி அடங்கிவிடும். படகுகளில் இருந்த வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டரோடு சரி. நூறு கடல் மைலுக்கு அப்பால் நிற்கும் தூத்தூர்ப் படகுக்குக் கரை பேசவே முடியாது. அந்தப் படகு பிடித்துவரும் சூரை மீன் வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும். அதன் விலை சில நொடிகளில் கடல்கடந்து தெரிந்துவிடும். விலைக்கு அகப்படும் அலைவரிசை உயிருக்கு அகப்படவில்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

புயலுக்குப் பின் நம்மைத் திகைக்க வைத்த முதற்கேள்வி, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பது. விடை எந்த அலுவலகத்திலும் இல்லை. விமானமேறும் ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பட்டியல் உண்டு. கடலேறும் தொழிலாளிக்கு அப்படியொன்று இல்லை. பங்குக் கோயில்கள்தான் வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதின. கோயில் பட்டியலும் அரசுப் பட்டியலும் ஒன்றாக இல்லை. படகு கேரளத்தது, ஆள் தமிழ்நாட்டவர் என்பதனால், சிலர் இரு பட்டியலிலும் வந்தார்கள்; சிலர் எதிலும் வரவில்லை.

மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில் 68 படகுகளும் 952 மீனவர்களும் கரை சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தபோது, அவற்றுள் 66 படகுகள் கேரளத்தவை, இரண்டு தமிழ்நாட்டவை என்றார்கள். படகின் பதிவெண்ணைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. குமரிக் கிராமங்களில் தொலைக்காட்சி பார்த்த பெண்கள், தம் ஆட்கள் இல்லையென்று நெஞ்சிலறைந்துகொண்டார்கள். கேரளப் படகு என்ற சொல்லுக்குள்ளேதான் அவர்களில் சிலருடைய கணவன்மார் உயிரோடு இருந்தார்கள். டிசம்பர் இறுதியில் ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில், காணாமற் போன மீனவர் 661 பேர் என்றார்: தமிழ்நாட்டவர் 400, கேரளத்தவர் 261. பின்னர்ச் சிலர் திரும்பி வரவர அந்த எண் இறங்கியது. ஒரு மாதம் கழித்தும் நூற்றுக்கணக்கில் மாறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த அரசு எந்தக் கடலில் யாரைத் தேட முடியும்?

கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் நூற்றுக்கணக்கானோரை மீட்டன; அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் தேடும் இடம் எது என்று அறிந்திருந்தவர்கள் மீனவர்களே. அரசின் தேடுதலில் நம்பிக்கையிழந்து பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் அவர்கள் தம் வள்ளங்களிலேயே புறப்பட்டுப் போனார்கள். பின்னரே மீட்புக் கப்பல்களில் அவர்களையும் ஏற்றிச்செல்லும் ஏற்பாடு நடந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்ததும் இதே கோரிக்கைக்காகத்தான்: எங்கள் ஆட்களைத் தேடுங்கள்.

அந்நாட்களில் தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பணியில் நானும் இருந்தேன். ஓர் அலுவலகத்தின் படிவம் மலையாளத்தில் இருந்தது. அதில் ஒரு கட்டம்: இறந்த தேதி. எதிரில் அமர்ந்திருந்த தாய்க்கு அறுபது வயதிருக்கும். நான் தயங்கித் தயங்கி அதனைத் தமிழில் வாசித்தேன். அவர் என்னையே சற்றுநேரம் பார்த்தார்.

“மக்களே, அவன் போன நாளு எனக்குத் தெரியும். அத எழுது. மத்தது கடலுக்குத்தான் தெரியும்.”

போன நாளையே எழுதினேன். படிவம் திரும்பி வந்தது. கட்டம் தவறாக நிரப்பப்பட்டிருக்கிறது என்று குறிப்பெழுதியிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் நான் எத்தனையோ பிழை செய்திருக்கிறேன். இதனைப் பிழையென்று மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பனிக்கடலோரத்துப் பெண்கள்

கடல் கொண்டது, கடவுள் செயல், இயற்கைச் சீற்றம் என்று நம் நாட்டில் மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹல், ஐஸ்லாந்தையும் வடதுருவத்தையும் ஒட்டிய பனிக்கடலுக்கு இழுவைக் கப்பல்களை அனுப்பிவந்த துறைமுகம். 1968 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், நான்கு வாரத்துக்குள் அங்கிருந்து சென்ற மூன்று கப்பல்கள் மூழ்கின: செயின்ட் ரோமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாந்து. 58 தொழிலாளர் மாண்டார்கள். பிழைத்தவர் ஒருவரே. மூன்றாவது கப்பல் ஐஸ்லாந்தின் ஒரு கடற்கழியில் புயலுக்கு ஒதுங்கி நின்றபோது, மேல்தளத்திலும் பாய்மரத் தூண்களிலும் பனி உறைந்து, அதன் பளுவினாலேயே கவிழ்ந்தது.

பனியும் புயலும் இயற்கைதாம். ஆனால் செயின்ட் ரோமானஸ் கப்பலில் வயர்லெஸ் இயக்குநர் இல்லை. ஒரு கூலியை மிச்சப்படுத்துவதற்காக அந்த வேலையும் தலைவன் தலையிலேயே விழுந்திருந்தது. ஜனவரி 10 அன்று புறப்பட்ட அக்கப்பலிலிருந்து பேச்சில்லை என்ற அபாய அறிவிப்பை உரிமையாளர் ஜனவரி 26 வரையில் எழுப்பவில்லை. பேச்சில்லாதது வழக்கந்தானே என்று இருந்துவிட்டார்கள். நமக்குப் பழக்கமான கதையாகத் தோன்றவில்லையா?

அங்கே ஒரு பெண் எழுந்தார். லிலியன் பிலோக்கா, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்தவர், கணவரும் மகனும் கடல் தொழிலாளர். அவரும் தோழியரும் வீடு வீடாகச் சென்று பத்தாயிரம் கையெழுத்துத் திரட்டினார்கள். துறைமுகத்துக்கு அணிவகுத்துப் போனார்கள். வயர்லெஸ் இயக்குநர் இல்லாமல் புறப்படும் கப்பலில் தாவியேற முயன்றபோது காவலர் பிலோக்காவைத் தடுத்தார்கள். லண்டனுக்குச் சென்று அமைச்சர்களைச் சந்தித்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் முழுநேர வயர்லெஸ் இயக்குநர், மருத்துவ வசதியோடு கூடிய துணைக்கப்பல், குளிர்காலத்தில் கடுமையான வானிலைக் கட்டுப்பாடு எனக் கோரிக்கைகள் வென்றன. சில வாரங்களில் ஓர் உழைக்கும் வர்க்கத் தெருவின் பெண்கள், பல்லாண்டுகளாகத் தொழிற்சங்க மேடைகள் பேசிக்கொண்டிருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு விலையும் கொடுத்தார் பிலோக்கா. வேலை பறிபோயிற்று, வேறெங்கும் வேலை கிடைக்காதவாறு கரும்பட்டியலில் வைத்தார்கள். ஆண்களின் தொழிலில் பெண்ணுக்கென்ன பேச்சு என்று சொந்த ஊராரே வசைக் கடிதம் எழுதினார்கள். 1988இல் ஏழ்மையிலேயே மறைந்தார். அவரை நினைவுகூரும் பலகைகள் பின்னாளில்தான் வந்தன.

இக்கதையில் நான் முதன்மையாகக் கொள்வது ஒன்றே. அந்தப் பெண்களும் அழுதவர்கள்தாம். ஆனால் இரங்கலை அவர்கள் இயல்பென்று ஏற்கவில்லை. அதனைக் கோரிக்கைப் பட்டியலாக்கினார்கள். குழித்துறைத் தண்டவாளத்தில் குழந்தைகளோடு அமர்ந்திருந்த பெண்களும் அதையேதான் செய்தார்கள். அவர்களைக் கண்டு, யாரோ தூண்டிவிட்ட கூட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. ஹல் நகரத்துக் கப்பல் முதலாளிகளும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நம்மைப் பற்றியும் பேசுவோம்

தோழர்களே, அப்போது இம்மாநிலத்தில் நம் அரசு இருந்தது, இன்றும் இருக்கிறது. டிசம்பர் 3 அன்று விழிஞ்ஞம் சென்ற முதல்வர் பினராயி விஜயன் மக்களின் கோபத்தை எதிர்கொண்டார். அவருடைய வாகனத்தைச் சூழ்ந்து மக்கள் முழக்கமிட்டார்கள். அந்நிகழ்ச்சியை எதிர்க்கட்சிகளின் சூழ்ச்சி என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது எளிது. அப்படிப்பட்ட சில வரிகளை அந்நாளில் நானே தமிழாக்கியிருக்கிறேன். இன்று அவற்றை மீண்டும் படிக்கும்போது மனம் ஒப்பவில்லை. வெளியார் சிலர் கோபத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கோபம் அவர்கள் உண்டாக்கியதன்று.

அரசு செய்தவற்றையும் சொல்ல வேண்டும். இறந்தோர், காணாமற் போனோர் என்று பிரிக்காமல், ஏழாண்டுக் காத்திருப்பைக் கோராமல், கேரளத்தில் 140க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்கியது இடது ஜனநாயக முன்னணி அரசு. அந்த முடிவு இல்லாதிருந்தால், அக்குடும்பங்கள் சட்டத்தின் ஏழாண்டு முடிவதற்காக இன்றுவரை காத்திருக்க நேர்ந்திருக்கும். தமிழ்நாட்டு அரசும் முதலில் 10 லட்சம் என்றதை மக்கள் போராட்டத்துக்குப் பின் 20 லட்சமாக உயர்த்தியது. பின்னாளில் பிரதீக்ஷா, பிரத்யாசா, காருண்யா என மூன்று கடல் ஆம்புலன்சுகளைக் கேரள அரசு கடலில் இறக்கியது. இவையெல்லாம் உண்மை.

ஆயினும் உதவித்தொகை இறப்புக்குப் பின் வருவது. இறப்புக்கு முன் வர வேண்டியதைப் பற்றியே இன்றைய பேச்சு. நிலத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நாம் அமைத்த சங்கங்கள் வலுவானவை. கடற்கரையில் நம் வேர் ஆழமில்லை. பட்டியல் எடுக்க வேண்டிய நாளில் பங்குக் கோயிலிடம் பட்டியல் இருந்தது, நம் கிளையிடம் இல்லை. இதனைக் கோயிலின் மீதான குறையாகச் சொல்லவில்லை. மக்கள் யாரிடம் போய்ப் பெயர் சொன்னார்கள் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே மக்கள், ஒக்கி முடிந்து ஒன்பது மாதங்கள்கூட ஆகாத 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில், தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் பிற இடங்களுக்கும் போய் ஆயிரமாயிரம் பேரை மீட்டார்கள். யாரும் அவர்களைத் தேடிப் போகாத நாளை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. கேரளத்தின் சொந்தப் படை என்று அவர்களைப் போற்றினோம். போற்றுதல் கடனைத் தீர்க்காது.

செய்ய வேண்டியவை

இன்று கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. கேரளத்தில் அவை வழங்கவும் பெற்றன. கடந்த ஆகஸ்ட் 30 அன்று, ஏறத்தாழ 360 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்குத் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தது. வரவேற்போம். ஆனால் கருவியை நம்பி ஓய்ந்துவிடலாகாது. அரபிக்கடல் வெப்பமேறி வருகிறது. 2019இல் மட்டும் அக்கடலில் ஐந்து புயல்கள் எழுந்தன. 2021இல் டவ்தே வந்தது. ஒக்கி ஒரு விதிவிலக்கு என்று சொல்லும் காலம் போய்விட்டது.

எனவே ஐந்து பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: எந்தக் கருவியாயினும் அரசின் செலவிலேயே, விசைப்படகுக்கு மட்டுமன்றி மூன்று பேர் போகும் சிறு வள்ளத்துக்கும் கிடைக்க வேண்டும். பழுதானால் கரையிலேயே சீர்செய்ய ஏற்பாடு வேண்டும். உரிமையாளர் விரும்பினால் வாங்கட்டும் என்று விடுவது, உயிரைப் பங்குக் கணக்கில் கழிப்பதாகும்.

இரண்டாவது: கடலேறும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் கரையில் பதிவாக வேண்டும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான பதிவேடு அது. படகின் பதிவெண் அன்று, ஆளின் பெயர் கணக்கில் வர வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து படகுகளில் வேலை செய்யும் புலம்பெயர்ந்த தொழிலாளரும் அதில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது: எச்சரிக்கை கரையைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணப்படுவதோடு, கடலில் நிற்பவனுக்குத் தனியாகவும் எண்ணப்பட வேண்டும். சொற்களை மீனவரோடு அமர்ந்து ஆக்க வேண்டும். காற்று எத்திசை, எந்நேரம், எத்தனை கடுமை, எந்தக் கரைக்குத் திரும்பலாம் என்ற நான்கும் தமிழிலும் மலையாளத்திலும் அவர்களுடைய சொல்லிலேயே போக வேண்டும். இப்பணிக்கு என் போன்ற மொழிபெயர்ப்பாளர் கைகொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

நான்காவது: எச்சரிக்கை நாளுக்கு ஊதிய இழப்பீடு. ஒக்கிக்குப் பின் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. போகாதே என்று சொல்லும் அரசு, அன்று அடுப்பெரிய வழியும் சொல்ல வேண்டும். இல்லையேல் பசி ஒருநாள் எச்சரிக்கையை வென்றுவிடும். அந்த இறப்புக்கும் நாம் இயற்கையின் மேல் பழி போடுவோம்.

ஐந்தாவது: இவற்றைக் கண்காணிக்கும் கரைக்குழுக்களில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வருகிறவனுக்காக நேரத்தை எண்ணிக் காத்திருப்பவர்கள் அவர்கள். செய்தி தாமதமாகிறது என்று முதலில் அறிபவர்களும் அவர்களே.

தோழர்களே, சட்டம் இன்று ஒரு கணக்கை முடித்துக்கொள்கிறது. அந்தத் தாயின் படிவத்தில் நான் எழுதிய தேதி நவம்பர் 29. அன்று மாலை அவருடைய மகன் கடலுக்குப் போனான், உயிரோடு போனான், அவனிடம் ஒரு சொல் போய்ச் சேர்ந்திருந்தால் திரும்பியிருப்பான். அடுத்தமுறை அந்தச் சொல் போய்ச் சேர்வதற்கு உரிய வேலையைச் செய்வதே, இந்நாளில் நாம் அவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலி. நம் கிளைகள் அடுத்த மாதமே கரைக்கிராமங்களுக்குச் சென்று, கடலேறுவோரின் பெயர்ப் பதிவைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.